வெறும் வயிறும் வெறும் கண்ணும்

கண்ணுக்குள் ஏறும் அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதில்லை. புதிதாகக் கண் பிரிவுக்கு வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே, இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வலித்தால் மனிதர்கள் ஓடி வருவார்கள். இது சத்தமில்லாமல் வரும். கண்டிக்கு மேல் மூடுபனி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஹந்தானை மலை போகும், பிறகு வாவியின் அக்கரை, பிறகு எதிர்த்த தெருவின் மாடிகள். நடுவில் நிற்பவருக்குத் தன் காலடி மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்கும். இந்த நோயும் அப்படி ஓரத்திலிருந்துதான் தின்றுகொண்டு வரும். வெயில் வந்தால் பனி விலகிவிடும். இதில் போன பார்வை போனதுதான்.

அதைத் தடுத்து நிறுத்த நம்மிடம் இருப்பது ஒரு சொட்டு மருந்து. சுண்டுவிரல் உயரத்தில் ஒரு போத்தல். ஒழுங்காக விட்டால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அதன் பலன். பார்வை கூடிவிடாது, மங்கல் தெளியாது. கண் எரியும், தொண்டையில் கசக்கும், அவ்வளவுதான். ஒரு நன்மையும் தெரியாத மருந்தை ஆயுள் முழுக்க விடச் சொல்கிறோம். ஆகவே நோயாளி வீட்டில் மருந்து விடுகிறாரா என்று சந்தேகப்படுவது எங்கள் பிரிவில் ஊறிப்போன பழக்கம். சந்தேகப்பட எல்லோருக்கும் தெரியும். கேட்கத் தெரிவது வேறு.

நான் ஐம்பதைத் தாண்டிய கையோடு ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள். தாதியாக இருந்த காலத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே பிரிவில் கழிந்தது. ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு முழங்கால் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெய்வானை அக்காவைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் அவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, வெடித்த விரல் நுனிகள், எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கும் வாய். கணவர் இறந்துவிட்டார். மகள் சுகந்தி கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். முதல் நாள் அவளே தாயைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அதற்குள் அக்காவின் இடது கண் முழுதாக அணைந்திருந்தது. அது எப்போது அணைந்தது என்று அவருக்கே தெரியாது.

"குளிச்சிக்கிட்டு இருந்தேன் மிஸ். சவுக்காரம் வலது கண்ணுல பட்டுருச்சு. அந்தக் கண்ண மட்டும் மூடுனேன். பாத்தா பீலிக் கொழாயையும் காணோம், தண்ணியையும் காணோம். பட்டப் பகலு. யாரோ என் தலையில சாக்கப் போட்டு மூடிட்டாங்கன்னு நெனச்சு சத்தம் போட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"இந்தக் கண்ணயாச்சும் காப்பாத்திக் குடுங்க மிஸ். கண்ணு போச்சுன்னா தோட்டத்துல பேர வெட்டிருவாங்க. பேரு போச்சுன்னா காம்பராவயும் விடச் சொல்லுவாங்க. அப்புறம் நான் எங்க போய் நிக்கிறது?"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் அந்த ஓர் அறை தங்கும் என்பது அங்கே எல்லோர் நெஞ்சிலும் உறைந்த பயம். நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்து லயம் ஒன்றில் வளர்ந்தவள். அந்தப் பயத்தோடுதான் எங்கள் வீட்டிலும் விளக்கேற்றினார்கள். ஆக, அக்காவுக்கு அந்த வலது கண்தான் கூரை.

எங்கள் கண் வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். அளந்து பேசுவார், கை நடுங்காது. ஒரு போத்தல் எழுதிக் கொடுத்தார், இரவில் ஒரு சொட்டு. அடுத்த கிளினிக்கில் அழுத்தம் குறையவில்லை. இரண்டாவது போத்தல் சேர்ந்தது. அதற்கடுத்த முறையும் அழுத்தம் அப்படியே உயரத்தில் நின்றது.

"அம்மா, மருந்து ஒழுங்கா விடுறனீங்களோ?"

"ஒரு நாளு தவறல சார்."

"உண்மையாவோ?"

"முருகன் மேல சத்தியம் சார். சோறு தின்ன மறந்தாலும் சொட்டு விட மறக்க மாட்டேன்."

வைத்தியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். அக்காவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் வெறும் உப்புநீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, வீட்டில் எப்படி விடுவீர்களோ அப்படியே விட்டுக் காட்டுங்கள் என்றேன். பலர் இங்கேதான் மாட்டுவார்கள். சொட்டு கன்னத்தில் வடியும், இமையில் விழும், போத்தல் முனை கண்மணியில் இடிக்கும். அக்கா தலையை நிமிர்த்தினார், கீழ் இமையைச் சின்னக் கிண்ணம் போல இழுத்தார், ஒரே ஒரு சொட்டு. உடனே கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தார். மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முறை அது. முதல் நாளில் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

"கொழுந்து கிள்ளுற விரலு மிஸ். ஒரு சொட்டு வீணாப் போகாது."

நான் போய் வைத்தியரிடம் சொன்னேன்: இவர் விடுகிறார், சந்தேகமே வேண்டாம். மூன்றாவது போத்தல் எழுதப்பட்டது.

அந்த மூன்றாவது போத்தல் அவருடைய மூச்சைப் பிடித்தது. கண்ணில் விடும் சொட்டு நெஞ்சு வரை போகும் என்பதை நோயாளிகள் நம்ப மாட்டார்கள், நீங்கள் நம்புங்கள். "மலை ஏறுனா நெஞ்ச யாரோ கயித்தப் போட்டு இழுக்கிறாங்க மிஸ். பாதி மலையிலயே கூடைய எறக்கிட்டு உக்காந்துர்றேன். பின்னால வர்றவளுக, என்னா தெய்வானை, புள்ளத்தாச்சியான்னு கேலி பண்ணுறாளுக" என்றார். நாடி பிடித்துப் பார்த்தேன். மெதுவாக, மிக மெதுவாக அடித்தது. அந்த மருந்தை அன்றே நிறுத்தினோம். அத்தோடு எங்கள் கையில் இருந்த சொட்டுகளும் தீர்ந்துகொண்டு வந்தன.

இனிச் சொல்லப்போவதை இரண்டு முறை வாசியுங்கள்.

பார்வை எவ்வளவு அகலத்துக்கு மிச்சமிருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைத்துக்கொண்டு, மின்னும் புள்ளியைக் காணும் போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். அக்காவின் வலது கண்ணுக்கு அதைச் செய்தோம். முதல் வந்தபோது இருந்த அகலம் அப்படியே இருந்தது. ஒரு துளி சுருங்கவில்லை. அத்தனை அழுத்தம் மாதக்கணக்கில் நின்றிருந்தால் நரம்பு தேய்ந்திருக்கவேண்டும்.

வைத்தியர் அந்த அகலத் தாளையும் அழுத்தம் எழுதிய தாளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது சொல்லுது ஒண்டும் மாறேல்லை எண்டு. இது சொல்லுது இந்தக் கண் போகப் போகுது எண்டு. நான் எதை நம்புறது?"

"அவங்களுக்கு இருக்கிறது ஒரே கண்ணு சார்."

"ஓம். அதுதான் பயமாக் கிடக்கு."

இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பொய் என்றன. எங்களைப் பயமுறுத்திய தாளை நாங்கள் நம்பினோம். அந்த இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள், நாட்டின் எந்தக் கண் பிரிவிலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஒரு கண்ணோடு இருப்பவரிடம், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால் இரண்டு உண்மைகள் சண்டை பிடிக்கும்போது அதில் ஒன்றைத் தெரிவு செய்துகொண்டு ஓடாதீர்கள். அவை ஏன் சண்டை பிடிக்கின்றன என்று நின்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் கதவுக்கு வெளியே காத்திருக்கும்.

சத்திரசிகிச்சை நடந்தது. கண்ணின் சுவரில் நீர் வடிய ஒரு சின்ன வழி திறக்கவேண்டும். நன்றாகவே நடந்தது. கண் கட்டை அவிழ்த்த காலை, வாட்டு ஜன்னலுக்கு வெளியே மழையில் நனைந்த கூரைகளை அக்கா ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார். "அந்தத் தகரத்துல ஒரு காக்கா நிக்குது மிஸ். அதுக்கும் குளுருது போல." அழுத்தம் இறங்கியிருந்தது. சுகந்தி எனக்கு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கி வந்து கொடுத்தாள்.

வீட்டுக்குப் போன சில நாட்களில் திரும்பி வந்தார். வலியோடு. கண் சிவந்து, உள்ளே வெள்ளையாகச் சீழ் தேங்கியிருந்தது. இது எங்கும் நடக்கக்கூடியது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் எப்போதாவது ஒருவருக்கு நடந்துவிடும். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டோம், ஒவ்வொரு மணிக்கும் சொட்டு விட்டோம், வைத்தியர் சாப்பிடாமல் நின்றார். வலி போனது. வெளிச்சமும் போனது. கைவிளக்கை நேரே பிடித்து, தெரிகிறதா என்று கேட்டபோது, "எது மிஸ்?" என்றார்.

நான் விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்றேன்.

அதன் பிறகு ஒரு கிளினிக் நாள். வழக்கமான நெருக்கடி, குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் நடைபாதை முழுக்க. அக்கா சுகந்தியோடு, நோயாளிகள் உட்காரும் நீள வாங்கின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். பார்வைக்காக வரவில்லை, புண் ஆறிவிட்டதா என்று காட்ட வந்திருந்தார். உள்ளே, அக்குறணையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவுக்கு அழுத்தம் பார்த்து முடித்திருந்தோம். அவருக்கும் முறைக்கு முறை ஏறிக்கொண்டே போனது. வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டாரோடு தொலைபேசியில் பேசிவிட்டு வருகிறேன் என்று வெளியே போன நானாவைக் கூப்பிட நான் கதவைத் திறந்தேன்.

நானா வாங்கில் இருந்தார். மடியில் பாதி கடித்த பணிஸ். தலையை நிமிர்த்திக் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன நானா, இப்பதானே பிரஷர் பார்த்தோம்? இப்ப ஏன் மருந்து?"

"இப்பதானே மிஸ் விடணும்? பார்த்து முடிஞ்சிட்டே."

"காலையில விடலையா?"

"அதெப்படி விடுற?" அவர் என்னை ஏதோ விபரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சீனிக் கிளினிக்குக்கு ரத்தம் குடுக்க வார மாதிரித்தானே இதுக்கும் வாரது. ராவைக்கும் விடல்ல, காலையிலயும் விடல்ல. வயிறும் வெறுமை, கண்ணும் வெறுமை. நோன்புல கூட எனக்கு இப்படிப் பசிக்கல்ல. மருந்த கண்ணுல ஊத்திட்டு வந்தா உள்ளுக்கு ஈக்கிற நோய் டொக்டருக்கு எப்படி விளங்குற?"

அவர் குரலில் பெருமை இருந்தது. சட்டத்தை மீறாமல் நடந்தவரின் பெருமை.

நான் வாங்கை நோக்கித் திரும்பினேன். நானாவுக்குப் பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி தேநீர்ப் பிளாஸ்கை மூடி வைத்துவிட்டுத் தன் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்தார். அவருக்கு அப்பால் ஒரு முதியவர், ஏற்கனவே நிமிர்ந்த முகத்தோடு, வாய் சற்றுத் திறந்து. அழுத்தம் பார்த்து முடித்த ஒவ்வொருவராக, பணிஸ் தின்று, பிளேன்டீ குடித்து, சீனி மாத்திரையை விழுங்கி, கடைசியில் கூரையைப் பார்த்துக் கண்ணைத் திறந்தார்கள். இந்தக் காட்சியை எத்தனை வருடங்களாகக் கடந்து போயிருக்கிறேன்! எவ்வளவு அக்கறையான மனிதர்கள் என்று நினைத்தபடி கடந்திருக்கிறேன்.

வாங்கில் இருந்தவர்களில் பலருக்கு எங்களிடம் வருமுன்பே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. அந்தக் கிளினிக் அவர்களுக்கு நன்றாகப் பழக்கியிருந்தது: முதல்நாள் இராச் சாப்பாட்டோடு நிறுத்து, காலையில் எதுவும் போடாதே, மருந்தைப் பையில் கொண்டு வா, ரத்தம் எடுத்த பிறகு சாப்பிட்டுவிட்டுப் போடு. அங்கே அது சரி. அவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரே ஆஸ்பத்திரிதான், கிளினிக் என்றால் ஒரே ஒழுங்குதான். பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்து மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். நாங்கள் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டோம். அவர்கள் மருந்தில்லாத கண்ணைக் கொண்டு வந்து மரியாதையோடு காட்டினார்கள்.

தெய்வானை அக்காவுக்கும் சீனி வருத்தம் உண்டு.

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு வைத்தியரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த, கண்ணைப் பார்க்கும் வில்லையை மேசையில் வைத்தார்.

"தெய்வானையம்மாவும்...?"

"தெரியல சார். கேட்டா, ஏன் கேக்கிறோம்னு அவங்களுக்கும் தெரிஞ்சிரும்."

"இவைக்கெல்லாம் இப்பவே சொல்லவேணும். நானாவுக்குக் கத்தி வைக்க இருந்தனான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ போன பிறகு சொல்லுவமோ?"

எனக்கும் அந்த ஆசை வந்தது. மறைக்கமாட்டேன். அக்கா இருட்டுக்கு இன்னும் பழகிக்கொண்டுதான் இருந்தார். அந்த இருட்டுக்குள் இதையும் கொண்டுபோய்ப் போடுவதா? ஆனால் பார்த்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பஸ்ஸுக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். இனி மாதங்கள் கழித்துத்தான் வருவார்கள், வெறும் கண்ணோடு. அக்காவின் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் அவர்களில் இருந்தாள். நாங்கள் மறைத்தாலும், அவள் வாய் வழியாகப் பொழுது சாயும் முன் லயத்துக்குப் போய்விடும். வெறும் செய்தியாக, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

"அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும் சார். மத்தவங்களுக்குச் சொல்ல முந்தி."

"ஓம்." எழுந்துவிட்டார். "நீங்கள் சொல்ல வேண்டாம். வெட்டினது நான். நானும் வாறன்."

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று என்னிடம் கேட்பீர்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: யாருக்கு அதிகம் வலிக்குமோ அவருக்கு முதலில், உங்கள் வாயால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து. வேறு வழி இருப்பதாகத் தோன்றும். எல்லாம் உங்களுடைய வசதிக்கான வழிகள்.

வைத்தியர் வாங்கில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அந்த வாங்கில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் முன்னால் குந்தினேன்.

"அம்மா, ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்க சார்."

"முந்திக் கிளினிக்குக்கு வாற நாளில, கண்ணுக்கு மருந்து விட்டிட்டோ வாறனீங்கள்?"

"விட்டுட்டா? ஐயோ இல்லைங்க சார்." அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பு, நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் சிரிப்பு. "சுத்தமாத்தான் வருவேன். மொதநா ராத்திரிலருந்தே விட மாட்டேன். இவ கூடக் கேப்பா, அம்மா, இன்னைக்கு விடலையேன்னு."

சுகந்திக்கு முதலில் விளங்கிவிட்டது. அவள் கை தாயின் தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"அம்மா..."

"என்னடி?"

வைத்தியர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மருந்தோடு வந்திருந்தால் அழுத்தம் குறைவாக இருந்திருக்கக்கூடும், மூச்சைப் பிடித்த அந்த மருந்து தேவைப்படாமல் இருந்திருக்கலாம், சத்திரசிகிச்சையும் தேவைப்படாமல் இருந்திருக்கலாம் என்றார். "நிச்சயமாச் சொல்ல ஏலாது அம்மா. ஆனா இருந்திருக்கலாம்."

மழை தகரத்தில் அடித்தது. அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் திருப்பி வைத்தார், உள்ளங்கை மேலே பார்க்க.

"அப்ப நான்தான் என் கண்ணக் கெடுத்துக்கிட்டேனா?"

"இல்லை அம்மா. நாங்கள் கேக்கேல்லை."

"ஏன் கேக்கல? ஒவ்வொரு வாட்டியும் கேட்டீங்களே. ஒழுங்கா விடுறியான்னு கேட்டீங்க. ஒழுங்காத்தான் விட்டேன். சத்தியமெல்லாம் பண்ணுனேன்." குரல் அங்கே உடைந்தது. "இன்னைக்கு விட்டியான்னு ஒருத்தரும் கேக்கலையே சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அன்று தொட்டு நான் ஓய்வு பெறும் வரை எந்த நோயாளியிடமும் ஒழுங்காக விடுகிறீர்களா என்று கேட்டதில்லை. கடைசியாக எப்போது விட்டீர்கள் என்றுதான் கேட்டேன். நீங்களும் அதையே கேளுங்கள், பதில் வரும் வரை அளக்கும் கருவியைத் தொடாதீர்கள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நாங்கள் இன்னும் காதோடு காதாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஏன் மிஸ் குசுகுசுன்னு பேசுறீங்க?" திடீரென்று குரல் உயர்ந்தது. "எழவு வீடா இது? எனக்கு மட்டும் ரகசியமாச் சொல்லி என்னா ஆகப் போகுது? அவங்களுக்குச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

நான் எழுந்தேன். தமிழில் சொன்னேன், பிறகு சிங்களத்தில் சொன்னேன்: இங்கே வரும்போது மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டுதான் வரவேண்டும், முதல்நாள் இரவும், வரும் நாள் காலையும். பிறகு கேட்டேன், கிளினிக்குக்கு மருந்து விடாமல் வரும் பழக்கம் உள்ளவர்கள் யார் யார், கையைத் தூக்குங்கள்.

முதலில் யாரும் தூக்கவில்லை. பிடிபட்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாங்கின் கடைசியில் ஒரு கை எழுந்தது. வெடித்த விரல்கள், நேராக, மேலே. தெய்வானை அக்கா. அதைப் பார்த்து அவர் தோட்டத்துப் பெண் தூக்கினாள். பிறகு நானா, பணிஸ் பிடித்த கையோடு. பிளாஸ்க் வைத்திருந்த பெண்மணி. சுவரோரம் நின்றவர்கள். கதவடியில் குடையை மடக்கிக்கொண்டிருந்தவர்.

அக்கா கையை இறக்கவில்லை. கையைத் தூக்கியபடியே மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வேற யாராச்சும் தூக்கியிருக்காங்களாடி?"

சுகந்தி வாங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

"நிறையப் பேரும்மா."